நூறு புலங்கள்

வெள்ளவத்தை, கடற்கரைப் பக்க ஒழுங்கை, மூன்றாம் மாடி.
பத்தரைக்குக் கரண்ட் போனது.
டீசல் இல்லை என்று
வாசலிலிருந்தே கையை விரித்தார் நந்தசிறி.
புது நுணுக்குக்காட்டி
இரண்டு கண்ணும் அவிந்து நின்றது.

வழுக்கி காய்ந்துவிட்டது.
ஊதாச் சாயத்துக்குள் ஒரு துளி மனிதர்:
சுஹைர், ஐம்பத்திரண்டு, பேருவளை, கல் வியாபாரம்.
மடகஸ்கரிலிருந்து வந்து பன்னிரண்டு நாள்,
ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்.
கீழே போர்வையோடு இருக்கிறார்.

அலுமாரியைத் திறந்தேன்.
உப்புக்காற்றுக்குப் பயந்து
சிலிக்கா மணிகளுக்கு நடுவே ஓர் ஒற்றைக் கண்ணன்.
அவன் காலடியில் பல்ப் இல்லை, ஒரு கண்ணாடி.
ஒரு முகம் தட்டை, மறு முகம் குழி.
ஒடுக்கிவில்லை இருக்கிறது, தட்டை முகம் போதும்.

ஜன்னலோரம் மேசையை இழுத்தேன்.
சூரியனை நேரே பிடித்தால் கண் போய்விடும்.
எதிர்வீட்டு வெள்ளைச் சுவர்,
அதன் கீழே ஒரு நீல வாளி.
அந்தச் சுவரிடம் வெளிச்சம் கேட்டேன்.
கண்ணாடியைச் சரிக்கச் சரிக்க
குழாய்க்குள் இருட்டு, இருட்டு,
பிறகு சட்டென்று பால்.

கருவிழித் தகட்டை அதிகம் மூடினால்
இல்லாத கிருமிக்கும் கறுப்பு விளிம்பு வரும்.
அளவில்லாமல் திறந்தால்
இருப்பதும் வெளிச்சத்தில் கரையும்.
நடுவில் எங்கோ நிறுத்தினேன்.

பத்தில் மெல்லிய இடம் பார்த்து,
ஒரு சொட்டு எண்ணெய் விட்டு,
மூக்குத்துண்டைத் திருப்பினேன். கிளிக். நூறு.
காற்றில் இறங்கினால் ஒளி கால் தவறி விலகும்;
எண்ணெய்க்குள் அதற்குக் கண்ணாடி முடிந்ததே தெரியாது,
வாசற்படி இல்லாத வீட்டைப் போல.

பெரிய திருகியை இனித் தொடுவதில்லை.
பயிற்சிக் காலத்தில் தொட்டேன்,
‘டிக்’ என்றது வழுக்கி;
இன்னும் பல் கூசும்.
சின்னத் திருகி, அரைக்கால் சுற்று.

வந்தது இரத்தம், தலைகீழாக.
வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் ஓடுகிறது.
பொருள்வில்லை கவிழ்த்ததைப்
பார்வைவில்லை நிமிர்த்துவதில்லை,
பெரிதாக்கி மட்டும் காட்டும்,
எங்கள் மனேஜரைப் போல.
பத்து தர நூறு, ஆயிரம்.

புலம் ஒன்று. ஒன்றுமில்லை.
ஒன்பதில் ஒரு கறுத்த வில்: என் இமைமயிர்.
பதினான்கில் ஊதாப் புள்ளி.
திருகியை அசைத்தேன், அது மட்டும்
வேறு தளத்தில் மிதந்தது. சாயக் கசடு.

முப்பத்தொன்றில் மாத்தறை ரயில்.
கட்டடம் நடுங்க, அத்தனை செங்கலமும் நடுங்கிற்று.
கடைசிப் பெட்டி போகும்வரை
கையை மடியில் வைத்திருந்தேன்.

ஐம்பதில் மேகம். சுவர் மங்க, புலமும் மங்கியது.
கீழே யாரோ வாளியை எடுத்துப் போனார்கள்.

படியேறி வந்துவிட்டார் சுஹைர்.
“இன்னும் எவ்வளவு நேரம், மிஸ்?”
பிறகு கண்ணாடியையும் ஜன்னலையும் பார்த்துவிட்டு,
“கல்ல நாங்களும் இப்பிடித்தான் பாப்போம்.
பல்பு பொய் சொல்லும்.”
“அறுபத்துமூன்று” என்றேன், பதிலாக.

அறுபத்தெட்டு.
செங்கலத்துக்குள் மெல்லிய நீல வளையம்,
அதன் ஓரத்தில் பதித்த ஒரு சிவப்புப் பொட்டு.
பாடப்புத்தகத்தில் இதற்கு மோதிரம் என்றே பெயர்.
அதே கலத்தில் இன்னொன்று.

என் முதுகு நிமிர்ந்ததைக் கண்டிருக்க வேண்டும்.
“பாக்கலாமா?”
குனிந்தார். ஒற்றைக் கண்ணை மூட
யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
வெகுநேரம் பார்த்தார்.
“கல்லு சின்னது” என்றார்,
“கட்டினவன் கெட்டிக்காரன்.”
பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு
பல் கிட்ட நடுங்கத் தொடங்கினார்.

போர்வை. சுடுதண்ணீர்.
தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கி
மலேரியாக்காரருக்குச் சொன்னேன்:
ஆம், மோதிரங்கள். ஆம், நானே பார்த்தேன்.
இல்லை, கரண்ட் இல்லை.

சொல்லி முடிய வந்தது கரண்ட்.
புதியவன் இரண்டு கண்ணையும் திறந்தான்.
எண்ணிக்கை இன்னும் இருக்கிறது.
நான் சுவரின் வெளிச்சத்திலேயே
அறுபத்தொன்பதுக்கு நகர்ந்தேன்.